எல்லாம் முன்னரே முடிந்ததா?

சென்ற வைசாகப் பௌர்ணமியன்று நம் சங்கக் கூடத்தில் திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்றபின், ஐயம் உள்ளவர்கள் கேட்கலாம் என்று வழக்கம்போல் கூறி அமர்ந்தோம். பின்வரிசையிலிருந்து ஓர் இளைஞர் எழுந்தார். படித்தவர், தொழிற்சாலையொன்றில் கணிப்பொறி வேலை பார்ப்பவர். அவர் சொன்னதை ஏறக்குறைய அவர் வாய்மொழியிலேயே தருகிறோம்.

"ஐயா, ஐந்தாம் சீலத்தை மூன்று முறை ஏற்றேன், மூன்று முறையும் தவறினேன். என் தகப்பனார் குடித்தே இறந்தார். குடி மரபணுவில் இருக்கிறது என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். மனிதன் ஒன்றைச் செய்ய நினைப்பதற்கு முன்பே அவன் மூளை அதை முடிவு செய்துவிடுகிறது என்றும் கருவி வைத்து அளந்து காட்டியிருக்கிறார்கள். அப்படியானால் சீலம் ஏற்பவன் யார்? காப்பவன் யார்? எல்லாம் முன்னரே முடிந்த காரியம் என்றால் இந்தக் கூடத்தில் வந்து உட்கார்வது எதற்கு?"

கூடம் அமைதியாயிற்று. நாம் அன்று ஏதோ சில வார்த்தைகள் கூறினோம். அவை அவருக்கும் போதவில்லை, நமக்கும் போதவில்லை. இரண்டு மாதம் எண்ணிப் பார்த்து, அன்று சொல்லியிருக்க வேண்டியதை இங்கு எழுதுகிறோம்.

இக்கேள்வி புதிதன்று. நம் தகப்பனாரும் குடித்தார். அவர் மரபணு என்ற சொல்லை அறியார், தலையெழுத்து என்றார். சேரியில் வாழ்ந்த நம் பாட்டனாரிடம், முற்பிறப்பில் செய்த வினையால் இப்பிறப்பு வாய்த்தது என்று ஊரார் சொன்னார்கள், அவரும் நம்பினார். நெற்றியில் இருந்த எழுத்து இன்று உயிரணுவுக்குள் போய்விட்டது. இடம் மாறியிருக்கிறது, வாதம் மாறவில்லை.

அவ்வாதத்தை முதலில் ஒழுங்குபடுத்திச் சொன்னவர் பகவான் புத்தர் காலத்திலேயே வாழ்ந்த மக்கலி கோசாலர். தமிழ் நூல்கள் அவரை மற்கலி என்று குறிக்கும். அவர் வழிவந்த ஆசீவகர் தமிழகத்திலும் இருந்தனர் என்பதற்கு மணிமேகலையும் நீலகேசியும் சான்று. அசோகர் பராபர் மலையில் குடைவித்த குகைகளை அவர்களுக்கு வழங்கியிருக்கிறார். அவர்கள் கடுந்தவம் புரிந்தவர்கள். அவர்களை இகழ்வது நம் நோக்கமன்று. ஆனால் கொள்கையைப் பாருங்கள். அஜாதசத்துரு மன்னன் பௌர்ணமி இரவொன்றில் பகவானிடம் வந்து, தான் முன்பு கேட்ட ஆறு ஆசிரியர்களின் கருத்துகளை எடுத்துரைத்ததாகச் சாமஞ்ஞபல சுத்தம் கூறுகிறது. அவற்றுள் கோசாலர் கருத்து இது: உயிர்கள் மாசுறுவதற்குக் காரணமில்லை, தூய்மையுறுவதற்கும் காரணமில்லை, தன் செயல் என்பதில்லை, முயற்சி என்பதில்லை, எண்பத்து நான்கு லட்சம் மகாகற்பங்கள் சுழன்ற பின் அறிவிலியும் அறிஞனும் ஒருசேரத் துன்பம் தீர்வர். எறிந்த நூலுருண்டை தன் நீளம் முடியும்வரை அவிழ்ந்து ஓடி நிற்பதுபோல் என்று அவர் உவமை சொன்னார்.

இவ்வுவமையை முதன்முதல் படித்தபோது நாம் சிரித்தோம். பெங்களூரில் ஒரு நூற்பாலையில் இருபத்திரண்டு ஆண்டு நூலோடு மல்லாடியவர் நாம். நூல் அவ்வளவு சாதுவாக அவிழ்ந்து ஓடி நின்றதை ஒருநாளும் கண்டதில்லை. ரிங் பிரேமில் கதிர்கள் சுழலும்போது இழை அறும். ஓடிச்சென்று பிணைக்க வேண்டும். பிணைத்துத் திரும்புமுன் வேறொரு கதிரில் அறும். நூறு கதிர்களில் ஒரு மணி நேரத்தில் எத்தனை இழை அறுகிறது என்று மேற்பார்வையாளர் கணக்கெடுத்துப் பதிவேட்டில் எழுதுவார். நல்ல கணக்குத்தான், பலநாள் எண்ணிப் பார்த்தால் அநேகமாக அதே எண்தான் வரும். ஆனால் அடுத்து எந்தக் கதிரில் அறும் என்று அப்பதிவேட்டைப் பார்த்து எவரும் சொன்னதில்லை. இன்னொன்றும் கண்டோம். பங்குனி சித்திரையில் காற்று உலர்ந்தால் அந்த எண் ஏறும். நீராவி தெளிக்கும் கருவியைப் பழுது பார்த்தால் இறங்கும். நல்ல பஞ்சு கலந்தால் இறங்கும். உருளைகளில் படிந்த பஞ்சை நேரத்தில் துடைத்தால் இன்னும் இறங்கும். எண் உண்மை, ஆனால் அது அன்றைய நிலைமைகளின் கணக்கே அன்றி இழையின் தலையெழுத்து அன்று.

மரபணுவைப் பற்றி அறிஞர் சொல்வதும் இவ்வகைக் கணக்கே. இரட்டையரை வைத்துச் செய்த ஆராய்ச்சிகளிலிருந்து, குடிக்கு அடிமையாவதில் மரபின் பங்கு சுமார் பாதி என்கின்றனர். இதன் பொருள் என்ன? ஒரு மக்கள் கூட்டத்தில் மனிதருக்கு மனிதர் காணப்படும் வேறுபாட்டில் ஏறக்குறைய பாதி, மரபின் வேறுபாட்டோடு சேர்ந்து செல்கிறது என்பதே. ஒருவனது குடியில் பாதியை மரபணு குடிக்கிறது என்பதன்று. மற்றொரு நாட்டில், மற்றொரு காலத்தில், கடையே இல்லாத ஊரில் எடுத்தால் அவ்வெண் மாறும். நம் இளைஞர் தம் தகப்பனாரின் மகன் என்பதால் மற்றவரினும் அதிகம் எச்சரிக்கையாக இருக்க வேண்டியவர். இதை நாம் மறுக்கவில்லை. எச்சரிக்கை வேண்டும் என்பதும் எல்லாம் முடிந்தது என்பதும் வெவ்வேறு.

நிற்க. விஞ்ஞானம் முழுவதுமே நியதிவாதத்தை மெய்ப்பிக்கிறது என்று எண்ணுவோர் பலர். இவ்வெண்ணத்தின் மூலபுருஷர் பிரெஞ்சு நாட்டு லாப்லாஸ். உலகிலுள்ள ஒவ்வோர் அணுவின் இடத்தையும் அதன்மீது செயற்படும் விசைகளையும் ஒருகணத்தில் அறியவல்ல பேரறிவு ஒன்று இருக்குமாயின், அதற்குக் கடந்த காலமும் வருங்காலமும் ஒன்றுபோல் தெளிவாகத் தெரியும் என்று 1814இல் அவர் எழுதினார். கோசாலர் எறிந்த உருண்டையை இவர் கணிதத்தால் சுற்றிக் கொடுத்தார் எனலாம். ஆனால் லாப்லாஸ் அப்பேரறிவைக் கண்டவர் அல்லர். அத்தகைய கணக்கைப் போட்டவரும் அல்லர். 'இருக்குமாயின்' என்றுதான் சொன்னார். அந்த 'ஆயின்' என்னும் சொல்லைப் பின்வந்தோர் விழுங்கிவிட்டனர்.

1961இல் அமெரிக்காவில் எட்வர்டு லாரன்சு என்னும் வானிலை ஆராய்ச்சியாளர், சில சமன்பாடுகளைக் கணிப்பொறியில் இட்டு ஒரு பொய் வானிலையை ஓடவிட்டுக்கொண்டிருந்தார். ஒரு பகுதியை மறுபடி பார்க்க விரும்பி, தாளில் அச்சாகியிருந்த எண்ணை உள்ளிட்டார். பொறியின் நினைவில் இருந்தது 0.506127, தாளில் இருந்தது 0.506. இவ்வளவு சிறு வேறுபாடு என்ன செய்துவிடும் என்று காபி அருந்தப் போனார். திரும்பி வந்து பார்த்தால், முன் வந்த வானிலைக்கும் பின் வந்த வானிலைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அவருடைய சமன்பாடுகளில் தற்செயல் என்பதற்கு இடமே இல்லை. ஒவ்வொரு படியும் முந்தைய படியால் முற்றும் தீர்மானிக்கப்பட்டது. அப்படியிருந்தும் தொடக்கத்தை முற்றத் துல்லியமாக அறியாதவனுக்கு முடிவு தெரியாது. 1963இல் அவர் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்.

நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இந்திய வானிலை ஆய்வுத்துறை 1875இல் தொடங்கியது. பருவமழையை முன்கூட்டிச் சொல்ல 1988 முதல் பதினாறு காரணிகள் கொண்ட மாதிரி ஒன்றை அத்துறை கையாண்டது. பல ஆண்டுகள் மழை இயல்பாகப் பெய்தது. மாதிரியும் இயல்பு என்றே சொல்லி நற்பெயர் பெற்றது. 2002இல் இயல்பான அளவில் 101 விழுக்காடு பெய்யும் என்று அறிவித்தார்கள். அவ்வாண்டு ஜூலையில் பெய்தது ஏறக்குறைய பாதியே. பருவம் முழுவதும் சேர்ந்து 81 விழுக்காடு. நாடெங்கும் வறட்சி. மறு ஆண்டு அம்மாதிரியை மாற்றினார்கள். அத்துறையினரைக் குறை கூற இதைச் சொல்லவில்லை. தவறிய மாதிரியைத் தூக்கி வைத்துவிட்டு வேறு ஒன்று தேடினார்களே, அதுதான் விஞ்ஞானத்தின் பெருமை. மேகம் மாதிரிக்குக் கட்டுப்பட்டதன்று, மாதிரிதான் மேகத்துக்குக் கட்டுப்பட்டது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். மனிதனைப் பற்றிய மாதிரிகளிலும் இந்த அடக்கம் வேண்டாமா?

இவ்விடத்தில் நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்ளக்கூடாது. முன்கூட்டிச் சொல்ல முடியாதது என்பதால் ஒன்று விடுதலை பெற்றது என்று ஆகிவிடாது. லாரன்சின் பொய் வானிலைக்குச் சுதந்திரம் ஏது? ஆகவே மேற்கூறியவற்றால் மனிதன் சுதந்திரன் என்று நாம் மெய்ப்பிக்கவில்லை. மெய்ப்பித்தது இவ்வளவே: உன் நாளைய தினம் முடிந்துவிட்டது என்று விஞ்ஞானம் கண்டறிந்துள்ளதாகச் சொல்பவர், விஞ்ஞானம் சொல்லாததைச் சொல்கிறார். எல்லாம் தீர்மானிக்கப்பட்டது என்பது மாதிரியைக் கட்டும்போது உள்ளே வைக்கப்பட்ட ஓர் அனுமானம். கட்டி முடித்தபின் வெளியே கிடைத்த பொருளன்று.

நம்முள் சில பிரசாரகர் வேறொரு பக்கம் வழுக்கி விழுகின்றனர். 1927இல் ஹைசன்பர்க்கு என்பவர் அணுவின் துகளுக்கு இடத்தையும் வேகத்தையும் ஒருங்கே துல்லியமாக அறிய முடியாது என்று நிறுவினார் அல்லவா, ஆகவே மனிதனுக்குச் சுதந்திரம் உண்டு என்கின்றனர். தாயக்கட்டை தாறுமாறாக விழுகிறது என்பதால் தாயக்கட்டை சுதந்திரம் உடையது என்பீர்களா? காரணமின்றியே எல்லாம் நிகழ்கிறது என்ற வாதத்தையும் பகவான் மறுத்தார் என்பதை அவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

இனி மூளையை அளந்த சோதனைக்கு வருவோம். லிபெட் என்னும் அமெரிக்க அறிஞர் 1983இல் வெளியிட்டது அது. சோதனைக்கு வந்தவர்கள் விரலையோ மணிக்கட்டையோ தமக்குத் தோன்றும்போது அசைக்க வேண்டும். அசைக்கத் தோன்றிய கணத்தைச் சுழலும் ஒளிப்புள்ளியைப் பார்த்துக் குறித்துச் சொல்ல வேண்டும். அசைவுக்கு ஏறக்குறைய 0.55 வினாடி முன்பே மூளையில் ஒரு மின்மாற்றம் எழுந்தது. தோன்றியதாக அவர்கள் சொன்ன கணமோ 0.2 வினாடி முன்புதான். இதைக் கொண்டு சித்தமே வெறும் வேடிக்கை பார்ப்பது என்று பலர் முடிவு கட்டினர். லிபெட்டே அப்படி முடிவு கட்டவில்லை. எழுந்த உந்துதலைக் கடைசிக் கணத்தில் தடுக்கும் ஆற்றல் மனத்துக்கு உண்டு என்று அவர் கருதினார். பிறகு 2012இல் ஷூர்கர் முதலியோர் வேறொரு விளக்கம் தந்தனர். மூளையில் எப்போதும் ஏற்ற இறக்கங்கள் ஓடிக்கொண்டே இருக்கும். காரணம் எதுவும் இன்றி விரலை அசை என்றால், அவ்வேற்றம் ஓர் எல்லையைத் தாண்டும் சமயத்தில் அசைவு நிகழும். அசைவிலிருந்து பின்னோக்கி அளந்தால் முன்னரே முடிவு எழுந்ததுபோல் தோன்றும் என்பது அவ்விளக்கம். வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் நமக்கு இதைவிடப் பெரிய ஐயம் ஒன்றுண்டு. காரணமின்றி விரலை அசைப்பதும், சம்பளப் பணத்தோடு மதுக்கடை வாசலில் ஒருவன் கால்மணி நேரம் நின்று தன்னோடு தானே வழக்காடுவதும் ஒன்றா? அந்தக் கால்மணி நேரத்தை அரை வினாடியின் அளவுகோலால் அளக்க முடியுமா? நாம் அந்த வாசலில் நின்றவர். அதனால் கேட்கிறோம்.

விதி என்று பேர் வைப்பதால் விளையும் தீமையை நாம் உடம்பிலேயே அறிந்தோம். 1991இல், வேலைக்குச் சேர்ந்த நான்காம் ஆண்டில், இயந்திரத்தைத் துடைக்கும்போது நம் இடக்கை நடுவிரலின் நுனி பல்சக்கரத்தில் போயிற்று. அச்சக்கரத்தை மூட வேண்டிய தகடு கழன்று மூன்று வாரமாகியிருந்தது. மேஸ்திரி வந்து பார்த்து, "உன் நேரம் சரியில்லை அப்பா" என்றார். உடன் வேலை செய்தவர்கள் கோயிலுக்கு நேர்ந்துகொள்ளச் சொன்னார்கள். தகட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, நாமும் பேசவில்லை. இரண்டு மாதம் கழித்து அதே இடத்தில் இன்னொரு தொழிலாளியின் கை மாட்டிய பிறகே தகடு வந்தது. அவர் கை மாட்டியதில் நம் மௌனத்துக்கும் பங்குண்டு என்ற எண்ணம் இன்றுவரை நம்மை விடவில்லை.

பல ஆண்டு கழித்துச் சீவக சுத்தத்தைப் படித்தோம். மனிதன் படும் இன்பதுன்பம் அனைத்தும் முன்வினையின் பயனே என்பார் உண்டே என்று சீவகர் வினவுகிறார். பித்தம், சிலேத்துமம், வாதம், இவை மூன்றின் கலப்பு, பருவ மாற்றம், முறைகெட்ட பராமரிப்பு, பிறரால் நேரும் தாக்குதல், வினைப்பயன் என எட்டுக் காரணங்களைப் பகவான் கூறுகிறார். எட்டில் ஒன்றே வினைப்பயன். எல்லாவற்றையும் முன்வினையின் மேல் போடுவோர் தாமே அறிந்ததையும் உலகம் அறிந்ததையும் மீறிச் செல்கின்றனர் என்பது அவர் தீர்ப்பு. வாழ்நாளெல்லாம் வினை வினை என்று கேட்டு வளர்ந்த நமக்கு அவ்விரவு தூக்கம் வரவில்லை. கழன்ற தகடு முறைகெட்ட பராமரிப்பு அன்றி வேறென்ன?

1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் தீட்சை ஏற்ற பாபாசாகேப் அம்பேத்கர், அவர் மறைவுக்குப்பின் 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' என்ற நூலில், முன்பிறவி வினையே இப்பிறவியின் நிலை என்னும் கொள்கையை ஏன் அவ்வளவு கடுமையாக விலக்கினார் என்பதும் இதனால் விளங்கும். ஏழையின் ஏழ்மைக்கு ஏழையே காரணம் என்றால் சமூகம் கை கழுவிக்கொள்ளலாம். மரபணுவின் பேராலும் இதே கை கழுவல் நடக்கக் கூடும்.

இதுவரை எளிய பகுதி. இனி அரிய பகுதி. கூர்மையுள்ளவர் ஒருவர் நம்மை இவ்வாறு மடக்கலாம்: "உங்கள் பௌத்தமும் எல்லாம் காரணத்தால் தோன்றுகிறது என்றுதானே சொல்கிறது? போதாக்குறைக்கு ஆன்மாவும் இல்லை என்கிறீர்கள். காரணமும் உண்டு, ஆன்மாவும் இல்லை என்றால் முயல்பவன் யார்? நீங்களும் கோசாலர் கட்சிதானே?" இதற்கு மழுப்பாமல் விடை சொல்ல வேண்டும்.

கோசாலர் மறுத்தது ஆன்மாவை அன்று. முயற்சியைக் காரணங்களின் வரிசையிலிருந்து தள்ளினார். எந்தக் காரணம் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் முடிவு ஒன்றே என்றார். பகவான் சொன்னது இதற்கு நேர் எதிர்: காரணம் சேர்ந்தால் விளைவு, சேராவிடில் இல்லை. அக்காரணங்களுள் முயற்சியும் ஒன்று; சேதனை என்னும் மன உந்துதலையே அவர் கர்மம் என்றார். தன் செயலும் இல்லை, பிறர் செயலும் இல்லை என்ற கொள்கையோடு வந்த ஓர் அந்தணரிடம், தானே அடியெடுத்து வைத்து வந்து, தானே அடியெடுத்து வைத்துத் திரும்பப் போகிறவர் எப்படி இவ்வாறு சொல்லக்கூடும் என்று அவர் கேட்டார். தொடங்குதல் என்றொரு தன்மை உண்டா இல்லையா என்றும் கேட்டார். உண்டு என்று அந்தணர் ஒப்புக்கொண்டார். அத்தன்மைக்குப் பின்னால் ஓர் ஆன்மா ஒளிந்திருக்கிறதா என்று பகவான் தேடப் புகவில்லை. நடக்கிறவன் நடக்கிறான் என்பது போதும்.

உப்புக்கட்டியின் உவமையும் இங்கு நினைக்கத்தக்கது. ஒரு கட்டி உப்பைக் கிண்ணத்து நீரில் இட்டால் குடிக்க முடியாது. அதே கட்டியைக் கங்கையில் இட்டால் சுவையே மாறாது. செய்த வினை ஒன்றே. அது விழும் மனம் விரிந்ததா குறுகியதா என்பதைப் பொறுத்தே விளைவு. செய்த வினைக்கு ஈடாக அப்படியே அனுபவித்துத்தான் தீர வேண்டும் என்றால் தரும வாழ்வுக்கே இடமில்லாமற் போகும் என்பதும் அச்சுத்தத்தின் கருத்து.

ஆயினும் அவர் விடமாட்டார். "அந்த முயற்சியும் ஏதோ காரணத்தால்தானே எழுந்தது?" ஆம். எழுந்தது. இதை நாம் ஒப்புக்கொள்கிறோம். காரணங்களுக்கு வெளியே நின்று கட்டளையிடும் ஒருவனை நாம் எங்கும் கண்டதில்லை. நாம் குடியை விட்ட கதையையே பாருங்கள். முப்பத்திரண்டாம் வயதில் விட்டோம். வெறும் மனவுறுதியால் விட்டோம் என்று மேடையில் சொல்வது அழகாக இருக்கும், உண்மையன்று. சங்கத்து மூத்த உபாசகர் ஒருவர் நம்மை வையாமல் மூன்று மாதம் தொடர்ந்து வீட்டுக்கு வந்தார். இரவு ஷிப்டிலிருந்து பகல் ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டோம். சம்பள நாளன்று நம் துணைவியார் ஆலை வாயிலில் வந்து நின்று உறையை வாங்கிக்கொண்டார், நமக்கு அவமானமாக இருந்தது, கொடுத்தோம். அந்த உறையை நீட்டியது நம் கைதான். ஆனால் வாங்க அவர் அங்கு நில்லாதிருந்தால் அக்கை நீண்டிருக்குமா என்று இன்றும் நமக்குத் தெரியாது.

ஆகவே முயற்சிக்கும் காரணம் வேண்டும் என்பது நம்மைக் கோசாலரிடம் கொண்டுபோய் விடவில்லை. ஒருவர் முயற்சிக்கு மற்றவர் காரணமாக வேண்டும் என்ற இடத்துக்குக் கொண்டுவருகிறது. சங்கம் சரணம் என்று ஏன் மூன்றாவதாகச் சொல்கிறோம்? தனித்து விடப்பட்டவனைப் பார்த்து 'நீ சுதந்திரன், தேர்ந்துகொள்' என்பது, தகடு கழன்ற இயந்திரத்தைத் துடைக்கச் சொல்லி 'விரலைப் பார்த்துக்கொள்' என்பது போன்றதே.

நெய்த துணிகளுள் மயிர்க்கம்பளமே கடை என்றும், குளிரில் குளிர்ந்து வெயிலில் சுட்டு நாற்றமும் அடிக்கும் அதுபோல், சமணப் பிரிவுகளின் வாதங்களுள் மக்கலியின் வாதமே கடை என்றும் பகவான் கூறியதாக அங்குத்தர நிகாயத்தில் வருகிறது. துன்பக் காலத்தில் அது ஆறுதல் போலத் தோன்றும்; போர்த்திப் பார்த்தால் குளிர் போகாது. நம் இளைஞர் மூன்று முறை தவறி அக்கம்பளத்தை எடுத்துப் போர்த்திக்கொண்டார். அதற்காக அவரைக் குறை சொல்லுமுன் நாம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் மூன்றாம் முறை தவறியபின் சங்கத்தில் எவரும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. நாமும் போகவில்லை. சீலம் கொடுத்தோம், கொடுத்ததோடு நம் வேலை முடிந்தது என்று இருந்தோம். அவருக்கு வேறு விளக்கம் எங்கே கிடைத்திருக்கும்?

சென்ற ஞாயிறன்று அவர் இல்லத்துக்குச் சென்று வந்தோம். இங்கு எழுதியதில் பெரும்பகுதியை அவரிடமே சொன்னோம். லிபெட்டைப் பற்றி நாம் சொன்னதில் ஒரு பிழையைத் திருத்தினார். அவர் தாயார் தேநீர் கொடுத்தார்; அதிகம் பேசவில்லை. வரும் பௌர்ணமியன்று நான்காம் முறை சீலம் ஏற்க அவர் இசைந்திருக்கிறார். காப்பாரா என்று கேட்பவர்களுக்கு நம்மிடம் விடையில்லை. சம்பள நாளன்று மாலை பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடுவரை அவருடன் நடந்து செல்ல நம் உபாசகர் இருவர் முன்வந்துள்ளனர். அவ்வழியில் மதுக்கடைகள் இரண்டு உள்ளன.